ஊன்றிக்கொள்ள ஒரு துறை



பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் நம் இதழ் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலும் எந்தக் கல்லூரி, எவ்வளவு கட்-ஆஃப், விடுதி எப்படி என்ற கேள்விகளே இருக்கும். இந்த முறை வேறு மாதிரியான கடிதங்களும் நிறைய வந்திருக்கின்றன. கல்லூரியில் சேர்ந்து ஓராண்டு முடித்த பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்களும் அப்பாக்களும் எழுதியிருக்கிறார்கள். “பல துறைகளைச் சேர்த்துப் படிக்கும் பட்டப்படிப்பில் சேர்ந்தோம். கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் பொருளாதாரம், ஒரு தாள் உளவியல், ஒரு தாள் கணினி என்று ஓராண்டு போய்விட்டது. இப்போது உன் மேஜர் எது என்று படிவத்தில் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். எதை எழுதுவது?”

கேள்விகள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறுகின்றன. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. புரோகிராமில் சேரப்போகும் பிள்ளை எந்த இரண்டு துறைகளைச் சேர்ப்பது என்று கேட்கிறார். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பொதுப் பட்டம் படிக்கும் குடும்பத்தலைவிக்கும் அதே கேள்விதான். அமெரிக்காவில் படிக்கும் மகனுக்காக எழுதிய தந்தை, அங்கே அதைக் ‘கான்சன்ட்ரேஷன்’ என்கிறார்கள் என்று குறிப்பிட்டிருக்கிறார். பெயர் எதுவானாலும் கேள்வி ஒன்றே: எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கலாம் என்று சொல்லும் படிப்பில், எதில் ஊன்றி நிற்பது? ஒவ்வொரு கடிதத்துக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட இந்தப் பக்கத்தையே அதற்கு ஒதுக்கலாம் என்று தோன்றியது.

தமிழ்நாட்டில் வழக்கமான பி.ஏ., பி.எஸ்சி. படித்தவர்களுக்கு இந்தக் குழப்பம் வந்ததில்லை. நம் கல்லூரிகளில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்றில் மேஜரும் அலைடும், பகுதி நான்கில் நான்-மேஜர் என்று கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். விண்ணப்பத்தில் வரலாறு என்று எழுதிய அன்றே மேஜர் முடிவாகிவிடும். புதிய ஏற்பாடு அப்படியில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகத்தின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்காண்டுப் பட்டத்துக்கு 160 கிரெடிட். இவற்றில் பாதி, அதாவது 60 அல்லது 80, சிறப்புத் துறையான மேஜருக்குப் போக வேண்டும். துணைத் துறையான மைனருக்கு 24 அல்லது 32. மொழி, திறன், பிற துறை அறிமுகம் எல்லாம் மீதியில் அடங்கும். இரண்டாம் பருவம் முடியும்போது மேஜரைத் தொடரலாம், மாற்ற வேண்டுமென்றால் கேட்கவும் செய்யலாம். ஆக, முடிவெடுக்க ஓராண்டு அவகாசம் கிடைக்கிறது. ஆனால் அந்த ஓராண்டில் யாரிடம் கேட்டு, எதைப் பார்த்து முடிவெடுப்பது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருபவர்கள் மிகக் குறைவு. கடிதங்களின் தவிப்பு அங்கிருந்துதான் வருகிறது.

உலகத்துக்கு இது புதிய தவிப்பு அல்ல. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1869-ல் தலைவராகப் பொறுப்பேற்ற சார்லஸ் எலியட், கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாக விலக்கி, மாணவர் விரும்பியதைப் படிக்கலாம் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார். நாற்பது ஆண்டு அந்தப் பதவியில் இருந்தார். அவருக்குப் பின் 1909-ல் வந்த லோவெல், பலர் சுலபமான அறிமுகப் பாடங்களாகப் பொறுக்கிச் சேர்த்துப் பட்டம் வாங்கிப் போவதைப் பார்த்தார். பழையபடி எல்லாவற்றையும் கட்டாயமாக்கவும் அவர் விரும்பவில்லை. எடுக்கும் 16 பாடங்களில் குறைந்தது 6 ஒரே துறையில் இருக்கட்டும், மற்றவை பல துறைகளில் பரவட்டும் என்று ஒரு வழி கண்டார். இன்று உலகமெங்கும் பேசப்படும் ‘கான்சன்ட்ரேஷன்’ ஏற்பாட்டுக்கு அது ஒரு முக்கியமான தொடக்கம். பிறகு 1969-ல் பிரவுன் பல்கலைக்கழகம், மாணவர்களே முன்னின்று எழுதிய நீண்ட அறிக்கையின் அடிப்படையில், பொதுக் கட்டாயப் பாடங்களை எடுத்துவிட்டது. அத்தனை சுதந்திரம் கொடுத்த அந்த இடத்திலும் ஒரு துறையில் ஊன்ற வேண்டும் என்ற விதி நீங்கவில்லை. இருக்கும் துறைகள் எதுவும் பொருந்தாவிட்டால் மாணவரே ஒரு துறையை வகுத்துக்கொள்ளலாம், ஆனால் அது ஏன் தேவை, எந்தெந்தப் பாடங்களால் அது உருவாகும் என்று எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும்.

அந்த ‘ஏன்’ என்ற கேள்வியை நம் பிள்ளைகளிடம் யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் வருத்தம். படிவத்தில் துறையின் பெயரை எழுத ஒரு வரி மட்டும் விட்டிருக்கிறார்கள்.

நான் பல ஆண்டுகளாக மாணவர்களோடும் ஆசிரியர்களோடும் பேசியதில் எனக்கு உறுதியாகப் பட்டதைச் சொல்கிறேன். ஒரு படிப்பில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, நம்மை விடாமல் துரத்தும் கேள்வி. மற்றொன்று, அந்தக் கேள்விக்கு விடை தேடும் முறை. கேள்வி நம்முடையது. அது வீட்டிலிருந்தோ ஊரிலிருந்தோ படித்த ஒரு நாவலிலிருந்தோ வரலாம். கல்லூரி அதைத் தர வேண்டியதில்லை. முறை அப்படியல்ல. புள்ளியியலையோ, கல்வெட்டு வாசிப்பையோ, ஆய்வகச் சோதனையையோ, கணக்கில் ஒரு நிரூபணத்தை எழுதுவதையோ நாமாகப் படித்துத் தேறுவது கடினம். பக்கத்தில் ஒருவர் அமர்ந்து நம் தவறைச் சுட்டிக்காட்ட வேண்டும், மறுபடி செய்யச் சொல்ல வேண்டும், ஒரு பருவத்தில் படித்ததன் மேல் அடுத்த பருவம் ஏற வேண்டும். ஆகவே சிறப்புத் துறைக்கான அந்த 60 கிரெடிட்டைத் தனியாகக் கற்க முடியாத ஒரு முறைக்குச் செலவிடுங்கள். உங்கள் கேள்வியை மைனருக்கும் மற்றத் தாள்களுக்கும் கூடவே எடுத்துப் போங்கள்.

இதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். காஞ்சிபுரம் மாவட்டத்துப் பிள்ளை ஒருவருக்கு, மழை நன்றாகப் பெய்தும் எங்கள் ஊர் ஏரி ஏன் நிரம்புவதில்லை என்ற கேள்வி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இது ஒரு துறைக்குள் அடங்குகிற கேள்வி அல்ல. நீர்வரத்துக் கால்வாய் எங்கே அடைபட்டது என்று பார்க்கப் புவியியல் வேண்டும். மேட்டையும் பள்ளத்தையும் வரைபடத்தில் காட்டும் ஜி.ஐ.எஸ். மென்பொருளைக் கையாளத் தெரிய வேண்டும். மழை உண்மையிலேயே முன்போல் பெய்கிறதா, அல்லது மொத்த அளவு அதேதான் இருந்து சில நாட்களிலேயே கொட்டித் தீர்க்கிறதா என்று அறிய வானிலைத் துறையின் பல பத்தாண்டுப் பதிவுகளை எடுத்துப் புள்ளியியலால் அலச வேண்டும். ஏரிக்கு ஒரு காலத்தில் எவ்வளவு பரப்பு இருந்தது என்பது வருவாய்த் துறையின் அ-பதிவேட்டிலும் புல வரைபடத்திலும் இருக்கும். அவற்றைப் படிக்க ஒரு பழக்கம் வேண்டும். ஆக்கிரமிப்பு என்று எதைச் சொல்லலாம், யார் அகற்றலாம் என்பது சட்டம். ஆயக்கட்டில் நெல் போட்டவர்கள் மனையாக விற்றது ஏன் என்பது பொருளாதாரம். மதகைத் திறப்பது யார், கடைமடைக்குத் தண்ணீர் எப்போது என்பதைச் சாதியும் நிலவுடைமையும் எப்படித் தீர்மானித்தன என்று கேட்டால் சமூகவியல்.

வரலாறும் உண்டு. அதே மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921 என்று ஆண்டு கணக்கிடப்பட்டிருக்கும் அவற்றைக் குடவோலை முறைக்காகப் பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்திருப்போம். ஓலை எடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் எந்த வேலைக்குப் போனார்கள் என்று பார்த்தால், ஏரி வாரியம் அதில் ஒன்று. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஊர் தன் ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஆட்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. இன்று அந்தப் பொறுப்பு யாரிடம் இருக்கிறது, நடுவில் எப்போது கை மாறியது என்று கேட்கத் தொடங்கினால் ஆங்கிலேயர் கால ஆவணங்கள் வரை போக வேண்டியிருக்கும்.

இத்தனையையும் ஒருவர் மூன்றாண்டில் படித்துவிட முடியாது. இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். எல்லாம் தேவைப்படுகிறதே என்று எல்லாவற்றிலும் ஒவ்வொரு அறிமுகத் தாளை எடுத்து, ஆறாம் பருவம் முடியும்போது ஏழு துறைகளின் முதல் அத்தியாயத்தை மட்டும் தெரிந்தவர்களாக வெளியே வருகிறார்கள். ஏரி மேல் அக்கறை இருக்கும். ஆனால் ஏரியைப் பற்றி இதுவரை யாரும் சொல்லாத ஒரு தகவலைத் தாமே கண்டுபிடித்துச் சொல்லும் திறன் இருக்காது. அதற்குப் பதில் ஒன்றில் ஊன்றலாம். புவியியலை மேஜராக எடுத்தவர் வரைபடமும் நில அளவும் கைவந்தவராக இருப்பார். அவர் மைனராக வரலாற்றை எடுத்தால் பழைய ஆவணங்களை எங்கே தேடுவது, எப்படிச் சந்தேகிப்பது என்று தெரிந்துகொள்வார். வரலாற்றை மேஜராக எடுத்தவர் கல்வெட்டையும் வருவாய் ஆவணத்தையும் தாமே வாசிப்பார், வரைபடத்துக்கு வேறொருவரை நாடுவார். பொருளாதாரத்தில் ஊன்றியவர் ஆயக்கட்டுக் குடும்பங்களிடம் கணக்கெடுத்து, எந்த ஆண்டிலிருந்து விவசாயம் கட்டுப்படியாகாமல் போனது என்று காட்டுவார். மூவருக்கும் ஒரே ஏரிதான். மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் ஒவ்வொருவரிடமும் மற்ற இருவருக்கும் தேவையான ஒன்று இருக்கும். பல துறைப் படிப்பின் பயன் அந்த மேசையில்தான் தெரிகிறது.

கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டவர் என்றால் எனக்கு ஐராவதம் மகாதேவன் நினைவுக்கு வருகிறார். வேதியியலும் சட்டமும் படித்தவர், 1954-ல் இந்திய ஆட்சிப் பணிக்குச் சென்றவர், பின்னாளில் 1987 முதல் 1991 வரை தினமணியின் ஆசிரியராக இருந்தவர். வெளியிலிருந்து பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமான வாழ்க்கை. உள்ளே ஓடியது ஒரே கேள்வி: நம் பழைய எழுத்துகள் என்ன சொல்கின்றன? அந்தக் கேள்விக்காக மலைக்குகைகளில் ஏறித் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளைப் படியெடுத்தார். புகளூர்க் கல்வெட்டில் சேர மன்னர்களின் பெயர்களை அடையாளம் காட்டினார். கணினி அரிதாக இருந்த காலத்திலேயே அதன் துணையோடு சிந்துவெளி எழுத்துகளுக்குத் தொகுப்பும் தொடரடைவும் தயாரித்து 1977-ல் வெளியிட்டார். தமிழ்-பிராமி பற்றிய அவருடைய பெருநூல் 2003-ல் வந்தது. மொழியியலோ தொல்லியலோ கணினியோ, எதைக் கற்றபோதும் அந்தக் கேள்வி கேட்டதால்தான் கற்றார். அவருக்கு அதற்கு அரை நூற்றாண்டு கிடைத்தது, அறிஞர்களின் துணையும் கிடைத்தது. மூன்றாண்டு மட்டும் கையில் இருக்கும் மாணவர் அப்படித் தானாகக் கற்றுக்கொள்ளலாம் என்று இருந்துவிட முடியாது. முறையைச் சொல்லித்தரும் ஆசிரியர் கல்லூரியில் இருக்கும்போதே அதைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

இதற்கு உதாரணமாக வெங்கி ராமகிருஷ்ணனைச் சொல்வேன். சிதம்பரத்தில் பிறந்து பரோடாவில் வளர்ந்தவர். இயற்பியலில் பட்டம், அமெரிக்காவில் இயற்பியலிலேயே 1976-ல் முனைவர் பட்டம். மனம் உயிரியலின் பக்கம் திரும்பியது. முனைவர் பட்டம் வாங்கியவர்தானே, புத்தகங்களை வாங்கிப் படித்துக்கொள்ளலாம் என்று அவர் இருக்கவில்லை. சான் டியேகோவில் மறுபடி மாணவராகச் சேர்ந்து இரண்டாண்டு உயிரியல் படித்தார். ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-ல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசு வேதியியலுக்கானது. ஒரு துறையில் ஆழமாக ஊன்றியவர் அடுத்த துறைக்குப் போகும்போது, அங்கும் தொடக்கத்திலிருந்து கற்க வேண்டும் என்பதை அறிந்திருந்தார்.

சரி, எனக்கு எந்தக் கேள்வியும் இல்லையே என்று ஒரு மாணவி எழுதியிருக்கிறார். அவர் மட்டுமல்ல, பதினெட்டு வயதில் பலருக்கு அப்படித்தான் இருக்கும். அவருக்கு வேறொரு வழி சொல்கிறேன். ஒவ்வொரு துறைக்கும் அன்றாடச் சலிப்பு என்று ஒன்று உண்டு. வரலாற்றுக்காரர் மங்கிப்போன கையெழுத்தில் நாள் முழுக்கக் கண் வைத்திருக்க வேண்டும். புள்ளியியல்காரர் தரவைப் பிழை நீக்கிச் சீராக்குவதிலேயே பாதி நேரத்தைக் கழிப்பார். உளவியல் என்றால் மனிதர்களோடு பேசிக்கொண்டிருப்பது என்று எண்ணிச் சேருபவர்கள், ஆய்வு முறையும் புள்ளியியலும் குறுக்கே வந்து நிற்கும்போது திகைத்துப் போகிறார்கள். இலக்கியத்தை மேஜராக எடுப்பவர் பிடித்த கதையைப் படிப்பதைவிட, பிடிக்காத கதையை மூன்று முறை படித்து எழுதுவதில்தான் அதிகம் உழைக்க வேண்டியிருக்கும். எந்தச் சலிப்பு உங்களுக்குத் தாங்கக்கூடியதாக இருக்கிறது என்று பாருங்கள். முதலாண்டில் எந்தத் தாளின் புத்தகத்தைத் தேர்வு முடிந்த பிறகும் திறந்தீர்கள்? எந்த அசைன்மென்ட்டை மதிப்பெண் குறைந்த பிறகும் திருத்தி எழுத ஆசைப்பட்டீர்கள்? அதிக மதிப்பெண் வாங்கிய தாளைவிட இந்தத் தாள் சரியான குறியாக இருக்கும்.

பெயரைப் பார்த்துச் சேர வேண்டாம். இப்போது துறைகளுக்குக் கவர்ச்சியான பெயர்கள் வைக்கிறார்கள். பெயரை விட்டுவிட்டு ஐந்தாம், ஆறாம் பருவத் தாள்களைப் படியுங்கள். முதல் தாளுக்கும் கடைசித் தாளுக்கும் நடுவே ஏற்றம் இருக்கிறதா? ‘அறிமுகம்’ என்று தொடங்கும் தாள்களே ஆறாம் பருவம் வரை வந்தால் அங்கே ஊன்ற இடமில்லை. கடைசியில் ஆய்வுத் திட்டம் ஒன்று எழுத வைக்கிறார்களா என்று பாருங்கள். அதை யார் வாசிப்பார், வாசித்துத் திருத்தித் தருவாரா என்று சீனியர்களிடம் கேளுங்கள். அச்சிட்ட பாடத்திட்டத்தில் இருக்கும் விருப்பப் பாடங்கள் எல்லாம் நடப்பதில்லை. ஆள் சேரவில்லை, ஆசிரியர் இல்லை என்று பல இடங்களில் ஒன்றிரண்டைத்தான் திறக்கிறார்கள். கடந்த இரண்டு ஆண்டுகளில் உண்மையாக நடந்த பாடங்கள் எவை என்று துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பதில் கூச்சமே வேண்டாம், அது உங்கள் உரிமை. இரண்டு துறைகளுக்கு நடுவே மனம் ஊசலாடினால், நல்ல ஆசிரியர் எங்கே இருக்கிறாரோ அங்கே போங்கள் என்பேன். பாடப்பொருளை மாற்றிக்கொள்ள வாழ்நாள் கிடக்கிறது. நம் எழுத்தைப் பொறுமையாக வாசித்துத் திருத்தும் ஓர் ஆசிரியர் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

இனிச் சொல்லப்போவது வேலை பற்றியது. இதைப் பெற்றோர்களும் நிதானமாகப் படிக்க வேண்டும். குடிமைப் பணித் தேர்வுக்கோ தமிழ்நாட்டின் குரூப் 1 தேர்வுக்கோ எந்தப் பட்டமும் போதும், மேஜர் எது என்பது தடையில்லை. மேலாண்மைப் படிப்புக்கான கேட் (CAT) தேர்வும் அப்படித்தான். அரசுப் பள்ளி ஆசிரியர் வேலை வேறு. அங்கே பட்டத்தில் முதன்மைப் பாடம் எது என்று பார்ப்பார்கள். முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ‘சமூக அறிவியல்’, ‘லிபரல் ஸ்டடீஸ்’ என்று பொதுப் பெயரில் பட்டம் வாங்கியவர்கள், அது வரலாற்றுப் பட்டத்துக்கோ பொருளாதாரப் பட்டத்துக்கோ இணையானது என்று காட்ட வேண்டிய நிலை வரும். பட்டங்களின் இணைத்தன்மை பற்றி உயர்கல்வித் துறை வெளியிடும் அரசாணைகளில் உங்கள் பட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று சேரும்போதே பாருங்கள். படித்து முடித்துச் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போய் நிற்கும்போது இது தெரிய வருவது கொடுமை. முதுகலையில் புள்ளியியலோ பொருளாதாரமோ படிக்கும் எண்ணம் இருந்தால், விரும்பும் இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களின் தகுதி விதிகளை இப்போதே எடுத்து, பட்டத்தில் கணக்கு எத்தனை தாள் கேட்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். விட்ட கணக்குத் தாளைப் பிறகு பிடிப்பது எளிதல்ல.

பயத்தால் துறை தேர்வதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பக்கத்து வீட்டுப் பையன் கம்ப்யூட்டர் எடுத்தான் என்பதற்காக, மொழியில் மனம் தோய்ந்த பெண்ணைக் கோடிங் மேஜருக்குள் தள்ளுவது அந்தப் பெண்ணுக்கும் நல்லதல்ல, கோடிங்குக்கும் நல்லதல்ல. மைனராகக் கணினி எடுக்கட்டும். 24 கிரெடிட்டில் ஒரு பண்டிதராகாவிட்டாலும் தமிழ்ச் சொற்றொகையை அலசும் அளவுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொள்ளலாம். மொழியையும் நிரலையும் சேர்த்துத் தெரிந்தவர்கள் தமிழுக்கு எவ்வளவு தேவைப்படுகிறார்கள் என்பதை அகராதி வேலையிலும் கணினித்தமிழ் வேலையிலும் இருப்பவர்கள் சொல்வார்கள்.

சொந்தக்காரர்கள் கேட்கும்போது பதில் சொல்ல முடியவில்லை என்று ஓர் அம்மா எழுதியிருந்தது மனதில் நிற்கிறது. “அவள் என்ன படிக்கிறாள் என்று கேட்டால், எல்லாம் கலந்து ஏதோ படிக்கிறாள் என்றுதான் என் வாயில் வருகிறது.” அம்மா, உங்கள் மகளிடமே கேளுங்கள். தான் படிப்பதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லட்டும். “ஏரிகள் ஏன் அழிந்தன என்பதைப் புவியியல் வழியாகப் படிக்கிறேன்.” “குழந்தைகள் இரண்டு மொழிகளை எப்படிக் கற்கிறார்கள் என்பதை உளவியல் வழியாகப் படிக்கிறேன்.” வாக்கியத்தில் ஒரு கேள்வியும் ஒரு துறையும் இருக்க வேண்டும். கேள்வி மட்டும் இருந்து துறை இல்லாவிட்டால் இன்னும் ஊன்றவில்லை என்று பொருள். துறை மட்டும் இருந்து கேள்வி வராவிட்டால் கவலை வேண்டாம், அது நான்காம் பருவத்திலும் வரும். அந்த வாக்கியத்தைச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டாரிடம் சொல்லிச் சொல்லித் திருத்தலாம். புரியாத இடத்தில் தாத்தா பாட்டி கேட்கும் கேள்விகள் பல நேரங்களில் நேர்முகத் தேர்வுக் கேள்விகளைவிடக் கூர்மையாக இருக்கும்.

படிப்பை நடுவில் விட்டுவிட்டு இப்போது திரும்பி வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் ‘ஜெனரல் ஸ்டடீஸ்’ என்ற பெயரில் தனிக் கல்லூரியை 1947-ல் அமைத்தபோது, இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் உள்ளிட்ட, வயதில் மூத்த மாணவர்களை மனதில் வைத்திருந்தது. பொதுப் பட்டம் என்பதற்கு அப்படியும் ஒரு மரபு இருக்கிறது. இந்தியாவில் 2021 முதல் இயங்கும் கல்விக் கிரெடிட் வங்கியில் பதிவான கிரெடிட்டுகள் ஏழாண்டு வரை செல்லும். திருமணம், பிரசவம், பெற்றோரின் நோய் என்று இடையில் நின்ற பெண்களுக்கு இந்த ஏழாண்டு பெரிய கொடை. அவர்களுக்கு நான் சொல்வது, உங்கள் வாழ்க்கை ஏற்கெனவே ஒரு கேள்வியைக் கொடுத்திருக்கும் என்பதுதான். அங்கன்வாடியில் பத்தாண்டு வேலை பார்த்தவருக்குக் குழந்தைகளின் ஊட்டம் பற்றி எந்தப் பாடநூலிலும் இல்லாத சேதிகள் தெரியும். மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கை எழுதி வந்தவருக்குக் கிராமத்துக் கடன் எப்படிப் புரள்கிறது என்று தெரியும். சமூகவியலையோ பொருளாதாரத்தையோ சிறப்புத் துறையாக எடுத்து அந்த அனுபவத்தை ஆதாரமாக மாற்றக் கற்றுக்கொண்டால், இருபது வயதுப் பிள்ளைகள் நடுவில் நீங்கள் பின்தங்கியவர் அல்ல. முதல் வரிசையில் உட்காருங்கள்.

வாசகர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். இப்படிப் பல துறைப் பட்டம் படித்து முடித்தவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். எந்தத் துறையில் ஊன்றினீர்கள், எந்தத் தாள் வேலையில் கைகொடுத்தது, எதை விட்டிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறீர்கள் என்பதை ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். தேர்ந்தெடுத்தவற்றை அடுத்த இதழிலிருந்து வெளியிடுகிறோம். படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் மாணவர்களும் எழுதலாம். உங்கள் ஒரு வாக்கியத்தையும், உங்கள் கல்லூரி வழங்கும் துறைகளின் பட்டியலையும் சேர்த்து அனுப்பினால், அந்தந்தத் துறைப் பேராசிரியர்களிடம் காட்டிப் பதில் வாங்கித் தருகிறோம். உறையின் மேல் ‘சிறப்புத் துறை’ என்று குறிப்பிடுங்கள். படிவம் கொடுக்கக் கடைசி நாள் எது என்பதையும் எழுத மறக்காதீர்கள். நாள் நெருங்கிவிட்டவர்களுக்கு இதழுக்காகக் காத்திராமல் தபாலிலேயே பதில் வரும்.

அன்புடன்,
ஆசிரியர்